பழைய மைனருக்கு 1275 இன்ஜின்: கட்டுவதும் டைனோவில் அளப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பெரிய கிராணியும் டிரெசரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஓட்டிய மோரிஸ் மைனர்களில் சில இன்னும் கொட்டகைகளில் நிற்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றை லோரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். "அண்ணே, 1275 போடணும், நூறு குதிரை வேணும்" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. அதற்கப்புறம் வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டைனோ என்பது காரை உருளைமேல் ஓட்டி இன்ஜின் எவ்வளவு தருகிறது என்று பார்க்கும் கருவி. அளந்து பார்க்காத எதையும் நம்பாத ஆள் நான், பதில்களிலும் அது தெரியும்.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தின் ஆஸ்டின் உருவாக்கி, பிறகு பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெயரில் உலகமெங்கும் போன ஏ-சீரிஸ். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சிசியாக வந்தது. அடுத்த ஆண்டே மைனருக்குள் ஏறியது. 1956இல் மைனர் 1000 வந்தபோது 948 சிசி, 37 குதிரைத்திறன். 1962இல் 1098 சிசி, 48 குதிரைத்திறன். 1964இல் மினி கூப்பர் எஸ் காருக்காக 1275 சிசி வந்தது. அதே அடிப்படை வடிவம் 2000ஆம் ஆண்டின் கடைசி மினி வரை ஓடியது.

நான்கு சிலிண்டர், இரும்பு பிளாக், இரும்பு ஹெட், புஷ்ராடு, கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங். மான்டே கார்லோ ராலியில் மினி மூன்று முறை வென்றதைச் சொல்லி 1275க்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. 1965, 1967 வெற்றிகள் 1275 உடையவை. 1964இல் வென்ற கார் 1071 சிசி.

என்னிடம் இருக்கும் 948இன் சக்தியையே ஏற்றக்கூடாதா?

ஏற்றலாம். ஆனால் அதற்குச் செலவழிக்கும் வெள்ளிக்கு 1275 கொடுக்கும் பலனை 948 தராது. பழைய இன்ஜினைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, சுற்றிக் கட்டிப் பத்திரமாக வையுங்கள். அதன் எண் காரின் பதிவில் இருக்கிறது.

1275 தேடும்போது எம்ஜி மிட்ஜெட், மோரிஸ் மரினா போன்ற நெடுக்காக நிற்கும் இன்ஜின் கிடைத்தால் வேலை சுலபம். மினி இன்ஜின் குறுக்காக நிற்பது. அதன் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியிலேயே, ஒரே எண்ணெயில் ஓடுகிறது. அதன் கிராங்கின் பின்முனை கூம்பு வடிவம். மைனருக்கு வேண்டியது பிளைவீலை போல்ட் போட்டுப் பிடிக்கும் தட்டை முனை. அதனால் மினி கிராங்கை அப்படியே தூக்கிப் போட முடியாது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டின் (சுருக்கமாக கேம்) பின்முனையில் ஆயில் பம்பைச் சுழற்றும் இணைப்பிலும் மூன்று வகை உண்டு. பம்பும் கேமும் ஒரே வகையா என்று வாங்கும்போதே பாருங்கள்.

"இது 1275தான்" என்று விற்பவர் சொன்னால் ஹெட்டைக் கழற்றி போரை, அதாவது சிலிண்டரின் விட்டத்தை, அளக்கச் சொல்லுங்கள். 948க்கு 62.9 மிமீ, 1098க்கு 64.6, 1275க்கு 70.6. வெர்னியர் காட்டுவதுதான் உண்மை.

நூறு குதிரைத்திறன் வருமா?

வரும், ஆனால் சந்தைக்குப் போய் வரும் காரில் வேண்டாம். கம்பெனியிலிருந்து வந்த மிட்ஜெட் 1275 தந்தது 65. கூப்பர் எஸ் தந்தது நிமிடத்துக்கு 5800 சுற்றில் 76. ஹெட் வேலை ஒழுங்காகச் செய்து, மிதமான கேம், சரியான கார்புரேட்டர், நல்ல எக்ஸாஸ்ட் போட்டால் கிராங்கில் எண்பதிலிருந்து தொண்ணூறுக்குள் வரும். நூறைத் தாண்ட வேண்டுமானால் வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் முரட்டு கேம் வேண்டும், சுற்று ஏற வேண்டும், ஐட்லிங் தள்ளாடும், சிக்னலில் கார் அடங்காது.

37 குதிரையோடு பிறந்த வண்டி அது. அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தாலே பின் அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் முனக ஆரம்பிக்கும். பிரேக்கோ நான்கு சக்கரத்திலும் டிரம். முன் டிஸ்க் போடாமல் 1275 போடும் ஆளுக்கு நான் இன்ஜின் கட்டித் தருவதில்லை.

போரிங் எவ்வளவு? 1380 போட்டால் என்ன?

இருபது சைஸ், அதாவது 0.020 அங்குலம் பெரிதாக்கினால் 1293 சிசி. அறுபது சைஸுக்கு 1330. போரை 73.5 மிமீ ஆக்கினால் 1380. காகிதத்தில் 1380 இனிக்கும். ஆனால் சிலிண்டர்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் இரும்பு மெலிந்துவிடும். ஹெட் கேஸ்கெட் பிடிக்கும் இடம் குறுகும், சூடும் கூடும். நம் ஊர் மதிய வெயிலில், குவாலா கங்சார் சாலையில் நெரிசலில் நிற்கும் காருக்கு இருபது அல்லது நாற்பது போதும். ஈப்போவில் போரிங் செய்யக் கொடுக்கும்போது பிஸ்டனையும் கூடவே கொடுங்கள். பிஸ்டனை அளந்து அதற்குப் போரைப் பொருத்த வேண்டும். பெட்டிமேல் அச்சிட்ட அளவை நம்பி வெட்டக் கூடாது.

கம்ப்ரெஷனை எப்படிக் கணக்கிடுவது?

இங்கேதான் பலர் குத்துமதிப்பாகப் போகிறார்கள். கணக்கு எளிது. 1293 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டர் 323 சிசி. உள்ளே இழுத்ததைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்க வேண்டுமென்றால், அதாவது கம்ப்ரெஷன் பத்துக்கு ஒன்று வேண்டுமென்றால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 323ஐ 9ஆல் வகுத்தது, அதாவது 35.9 சிசி. இந்த 35.9 நான்கு இடங்களில் இருக்கிறது: ஹெட்டின் குழி, கேஸ்கெட்டின் தடிமன், பிஸ்டன் தலையில் உள்ள பள்ளம், பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பது.

ஓர் உதாரணம். கேஸ்கெட் 3.5 சிசி, பிஸ்டன் பள்ளம் 6 சிசி. பிஸ்டன் 0.35 மிமீ கீழே நின்றால் அதற்கு 1.4 சிசி. மூன்றும் சேர்த்து 10.9. அப்படியானால் ஹெட்டின் குழி 25 சிசி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஹெட்டைச் சீவலாம். குறைவாக இருந்தால் குழியைத் திறந்துவிட வேண்டும்.

குழியை அளக்க வால்வும் பிளக்கும் போட்ட ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் சின்னத் துளை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுங்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, அந்த பியூரெட்டில் நிறம் போட்ட ஸ்பிரிட்டை எடுத்துத் துளை வழியாக இறக்கி அளவு பாருங்கள். நான்கு குழியும் ஒன்றுக்கொன்று அரை சிசிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிறியதைக் கொஞ்சம் தேய்த்துச் சரிக்கட்டுங்கள்.

ரோன்95 மட்டுமே ஊற்றுவேன் என்றால் 9.5ஐத் தாண்ட வேண்டாம். ரோன்97 என்றால் பத்து வரை போகலாம். இரும்பு ஹெட், 33 டிகிரி வெயில், இரண்டும் சேர்ந்தால் நாக்கிங், அதாவது பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது, சீக்கிரம் வரும்.

ஹெட்டில் ஐந்தே ஓட்டைதானா? இதில் என்ன சிக்கல்?

ஏ-சீரிஸின் சுபாவமே இந்த ஹெட்தான். நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வழி. ஒன்றும் இரண்டும் ஒரு வழியில், மூன்றும் நான்கும் இன்னொரு வழியில். எக்ஸாஸ்ட் மூன்று: ஓரத்துக்கு ஒன்று, நடுவில் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. இரண்டு இழுத்து முடிப்பதற்குள் அதே வழியில் ஒன்று இழுக்கத் தொடங்குகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் அதே கதை. அதனால் உள் சிலிண்டர்கள் இரண்டும் ஒரு மாதிரி எரியும், வெளிச் சிலிண்டர்கள் இரண்டும் வேறு மாதிரி எரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நிறத்திலேயே தெரியும். இது பழுதல்ல, அந்த ஹெட்டின் பிறவிக் குணம். வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டால் இந்தப் பிடுங்கல் கூடும்.

நடு எக்ஸாஸ்டில் இரண்டும் மூன்றும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் எரிவதால் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. ஆனால் சூடு முழுவதும் அங்கே குவிகிறது. வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் விழுவது பெரும்பாலும் அங்கேதான். 12ஜி940 என்று வார்ப்பெண் உள்ள ஹெட் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள், ஆனால் விரிசல் சோதனை செய்த பிறகு.

போர்ட்டைப் பெரிதாகக் குடைவதே ஹெட் வேலை என்று நினைக்கிறார்கள். வழியைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறையும், கீழ்ச் சுற்றில் கார் சோம்பும். பலன் இருப்பது வால்வுக்கு அடியில் வளையும் இடத்திலும், சீட்டின் கோணங்களிலும், குழிக்குள் வால்வை மறைத்து நிற்கும் சுவரிலும்தான். அங்கே பொறுமையாக வேலை செய்யுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் அடிப்பது கட்டாயம். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் அந்த ஈயம்தான் சீட்டைக் காத்தது. இன்றைய பெட்ரோலில் வெறும் இரும்பு சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்வாங்கும்.

எந்த கேம்?

தெருவுக்கு 266 டிகிரி வகை (கிராங்க் அத்தனை டிகிரி சுழலும்வரை வால்வு திறந்திருக்கும்) போதும், கென்ட் கம்பெனியின் 266 நல்ல உதாரணம். 286க்குப் போனால் 3000 சுற்றுக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

கேம் எதுவானாலும், அதன்மேல் உரசிப் புஷ்ராடைத் தள்ளும் டாப்பெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழைய டாப்பெட் பழைய கேமின் தேய்மானத்துக்குப் பழகியது, புது கேமைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். டைமிங் செயினில் புள்ளியோடு புள்ளி சேர்த்தால் போதும் என்று விடாதீர்கள். டிகிரி சக்கரமும் டயல் கேஜும் வைத்து, இன்லெட் வால்வு முழுதாகத் திறக்கும் இடம் கேமோடு வந்த அட்டையில் சொன்ன டிகிரிதானா என்று பாருங்கள். சில டிகிரி தள்ளி நிற்பது சகஜம். ஆஃப்செட் சாவி போட்டால் சரியாகும்.

அடிப்பாகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சுத்தத்தை. பிளாக்கின் ஆயில் வழிகளில் அடித்திருக்கும் மூடிகளை எல்லாம் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டுக் கழுவுங்கள். போரிங் செய்த துருவல் அங்கே ஒளிந்திருந்தால் புது பேரிங் முதல் நாளே கீறிவிடும். பிஸ்டன் ரிங்கின் இடைவெளியைப் போருக்குள் வைத்து அளக்க வேண்டும். போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்பது வழக்கம், 1293க்கு ஏறக்குறைய 0.011 அங்குலம். மூன்று மெயின் பேரிங் மட்டும் உள்ள கிராங்க் என்பதால் பாலன்ஸ் செய்வது வீண் செலவல்ல. அப்புறமும் 6500 சுற்றைத் தாண்டாதீர்கள்.

காற்று வடிகட்டியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் குழாயை நீட்டிக்கொண்டு நிற்கும் கார்புரேட்டர் படத்தில் அழகு. செம்பனை லோரி போகும் செம்மண் சாலையில் அது அரைக்கும் கல்.

எஸ்யூவா, வெபரா?

இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். என் ஓட்டு எஸ்யூவுக்கு. ஒற்றை எச்ஐஎஃப்44 அல்லது இரட்டை எச்எஸ்2. எஸ்யூவில் பெட்ரோல் அளவை முடிவுசெய்வது ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் கூம்பு ஊசி. வெபர் 45 சத்தத்தில் ஜெயிக்கும், மேல் சுற்றில் கொஞ்சம் ஜெயிக்கும், அதன் ஜெட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும் செலவிலும் ஜெயிக்கும்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது?

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு, ஸ்டார்ட் ஆனதும் நேராக 2000 முதல் 2500 சுற்றுக்கு ஏற்றி இருபது நிமிடம் அங்கேயே சற்றே ஏற்றி இறக்கி வையுங்கள். ஐட்லிங் விடாதீர்கள். புது கேமும் டாப்பெட்டும் எண்ணெய் தெறித்துப் பழகுவது அந்த வேகத்தில்தான். எண்ணெய் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ளது. புதுக் கார்களுக்கு விற்கும் மெல்லிய எண்ணெய் இதற்கு ஆகாது. சூடான பிறகு ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம் நிற்க வேண்டும். ஆறியதும் ராக்கர் இடைவெளியை மறுபடி பாருங்கள். கம்பெனி கேமுக்கு 0.012 அங்குலம், மாற்று கேமுக்கு அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அது.

டைனோ உண்மையில் எதை அளக்கிறது?

குதிரைத்திறனை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. பிரேக் போட்டுப் பிடிக்கும் டைனோ டார்க்கையும் (முறுக்கு விசை) சுற்றையும் அளக்கிறது, குதிரைத்திறன் கணக்கில் வருவது. பவுண்டு-அடியில் உள்ள டார்க்கை சுற்றால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் பிஎச்பி, அதாவது குதிரைத்திறன். கனமான உருளை மட்டும் உள்ள டைனோ, அந்த உருளை எவ்வளவு வேகமாகச் சுழல ஆரம்பிக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. கார்புரேட்டர் சரிபண்ண பிரேக் உள்ளதே நல்லது. ஒரு சுற்றில் நிறுத்திப் பிடித்துப் பார்க்கலாம்.

அந்த 5252இல் ஒரு பயன் உண்டு. பிஎச்பியும் பவுண்டு-அடியும் ஒரே அளவுகோலில் வரைந்த தாளில் இரண்டு கோடுகளும் 5252 சுற்றில் சந்தித்தே ஆக வேண்டும். சந்திக்கவில்லையென்றால் தாளை அச்சிட்டவரிடம் காரணம் கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. உங்கள் கார் 3200 சுற்றில் 68 பவுண்டு-அடி தருகிறது என்றால் அந்த இடத்தில் இருப்பது 41 குதிரைத்திறன். தோட்டச் சாலையிலும் சிம்பாங் சந்திப்புகளிலும் நீங்கள் அன்றாடம் பயன்படுத்துவது இதைத்தான். தாளின் உச்சியில் இருக்கும் எண்ணை வருடத்துக்கு எத்தனை முறை தொடுவீர்கள்? அதனால் யாராவது தாளை நீட்டினால் நான் முதலில் பார்ப்பது 2500க்கும் 4500க்கும் நடுவில் டார்க் கோடு எவ்வளவு மட்டமாக நிற்கிறது என்பதை.

ஒரே கார், இரண்டு கடையில் இரண்டு எண். யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அதில் ஆக்சிஜன் குறைவு, பவர் குறையும். அதை ஈடுகட்ட டைனோ ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறது. எந்தத் தரத்துக்குத் திருத்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நம் ஊர் மதியத்தை எடுத்துக்கொள்வோம். 33 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு, காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதில் நீராவியின் பங்கு ஏறக்குறைய 3.5, மிச்சம் உலர்ந்த காற்று 97.5. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே1349 தரம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்றை அடிப்படையாக வைக்கிறது. அதன் சூத்திரப்படி காரணி 1.034. உருளையில் உண்மையில் வந்தது 60 என்றால் தாளில் 62 என்று அச்சாகும். பழைய எஸ்ஏஇ தரத்தைத் தேர்ந்தெடுத்தால் அது இதைவிட நான்கு விழுக்காடு அளவு கூடுதலாகக் காட்டும், 64.5 பக்கம். குதிரைத்திறனையே பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) கணக்கில் போட்டால் எண் இன்னும் கொஞ்சம் ஏறும், ஏனென்றால் 100 பிஎஸ் என்பது 98.6 பிஎச்பிதான்.

கவனிக்க வேண்டிய தில்லுமுல்லு ஒன்று உண்டு. வெப்பத்தை உணரும் முனையை எக்ஸாஸ்ட் பக்கம் வைத்து 45 டிகிரி காட்டச் செய்தால் காரணி 1.058 ஆகிவிடும், அதே 60 இப்போது 63.5. இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் ஒன்றரை குதிரை. முனை கார்புரேட்டர் காற்று இழுக்கும் இடத்தில் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். திருத்தாத எண்ணையும் அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதத்தையும் தாளில் அச்சிட்டுக் கேளுங்கள்.

சக்கரத்தில் வந்ததோடு 15 விழுக்காடு சேர்த்தால் கிராங்க் பவர்தானே?

அந்த 15 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. டயர் காற்று, பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள், அச்சு எண்ணெய் எவ்வளவு கெட்டி, எல்லாவற்றையும் பொறுத்து இழப்பு மாறும். கிளட்சை மிதித்து உருளை தானாக ஓய்வதை வைத்து இழப்பைக் கணக்கிடும் வழி சிறிது மேல். என்னைக் கேட்டால் சக்கர எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே டைனோவில், அதே டயரில், அதே கியரில் ஓட்டி ஒப்பிடுங்கள். அப்போதுதான் மாற்றிய கேமுக்கோ ஊசிக்கோ கிடைத்த பலன் தெரியும்.

டைனோவுக்குப் போகுமுன் என்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில் டயர். மைனர் நான்காவது கியரில், அதாவது ஒன்றுக்கு ஒன்று நேர் கியரில் ஓட்டப்படும். பின் அச்சு விகிதம் 4.22 என்றால் 6000 சுற்றில் உருளை மணிக்கு 155 கிலோமீட்டர் பக்கம் ஓடும். கொட்டகையில் பல ஆண்டு நின்று பக்கச் சுவர் வெடித்த டயரோடு அந்த வேகத்துக்குப் போகாதீர்கள், பக்கத்தில் ஆள் நிற்கிறார்கள்.

இன்ஜின் குறைந்தது 800 கிலோமீட்டராவது ஓடிப் பழகியிருக்கட்டும், எண்ணெய் மாற்றியிருக்கட்டும். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரும் ஒத்திருக்கின்றனவா என்று வீட்டிலேயே பாருங்கள். வாடகை மணிக்கு ஓடும்போது கேஸ்கெட் ஓட்டையைத் தேடக் கூடாது. எப்போதும் ஊற்றும் பெட்ரோலையே டேங்கில் வையுங்கள். கையோடு எடுத்துப் போக வேண்டியவை: பல அளவு எஸ்யூ ஊசிகள், புது பிளக், டைமிங் லைட், கார்புரேட்டர் டேஷ்பாட்டுக்கு எண்ணெய், குறிப்பெழுத நோட்டு.

டைனோவில் எந்த வரிசையில் சரிசெய்வது?

முதலில் மிக்ஸ்ச்சர். முழு ஆக்ஸிலேட்டரில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் விகிதம் 12.5 முதல் 13 வரை நிற்க வேண்டும். சைலன்சர் முனையில் செருகும் வைட்பேண்ட் மீட்டர் அதைக் காட்டும். பழைய பொமன்கள் (மெக்கானிக்குகள்) பிளக்கின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள், அவர்கள் கண்ணுக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மீட்டரையும் வையுங்கள்.

எஸ்யூவின் அழகு இங்கேதான் தெரியும். 4000 சுற்றில் மட்டும் பெட்ரோல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்றில் டைனோவைப் பிடித்து நிறுத்தி, கார்புரேட்டர் பிஸ்டன் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளங்கள். எஸ்யூ ஊசியின் விட்டம் ஒவ்வொரு எட்டில் ஒரு அங்குலத்துக்கும் அட்டவணையில் இருக்கிறது. பிஸ்டன் உயர்ந்த அளவுக்கு ஊசியில் எந்த இடம் ஜெட்டுக்குள் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் மெலிந்த ஊசியை அட்டவணையில் தேடிப் போடலாம். கோடு முழுவதும் குறைந்தால் ஜெட்டை இறக்கினால் போதும், ஊசி மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம் இக்னிஷன். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பதுதான் அட்வான்ஸ். மொத்த அட்வான்ஸ் 28 டிகிரியில் தொடங்குங்கள். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் ஏறுவது நின்றால் நிறுத்தி, ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்குங்கள். 32ஐத் தாண்டியும் பவர் ஏறிக்கொண்டே போனால் கம்ப்ரெஷன் கணக்கு எங்கோ உதைக்கிறது. நாக்கிங் சத்தம் டைனோ அறையின் விசிறி இரைச்சலில் கேட்காது, அதனால் கடைசி டிகிரிக்கு ஆசைப்படாதீர்கள்.

கோடு மேல் சுற்றில் ரம்பம் போல நடுங்கினால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் வயரையும் பாருங்கள். திடீரென்று விழுந்தால் வால்வு ஸ்பிரிங். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் தண்ணீர் சூடு ஒரே அளவுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். கொதிக்கும் இன்ஜினில் எடுத்த மூன்றாவது ஓட்டத்தை ஆறிய இன்ஜினின் முதல் ஓட்டத்தோடு ஒப்பிட்டு ஊசி மாற்றுவது பணத்துக்குக் கேடு.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

இன்ஜின் மாற்றினால் ஜேபிஜேவிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) தெரிவித்து, வாகன ஆய்வு முடித்து, புது எண்ணையும் சிசியையும் பதிவில் மாற்ற வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவது இது. இன்ஜினை வாங்கும்போதே ரசீதையும் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள், பத்திரமில்லாத இன்ஜின் மலிவு அல்ல. ரோட்டெக்ஸ் (சாலை வரி) பெரிதாக ஏறாது. தீபகற்பத்தில் சொந்த உபயோக செடான் காருக்கு 1000 சிசி வரை 20 வெள்ளி, 1200 வரை 55, 1400 வரை 70. ஆக 1380 போட்டாலும் அதே 70தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

கேமரன் மலைக்கு ஏறும்போது கார் செத்துப் போகிறது. டைனோவில் நன்றாக இருந்ததே?

தானா ராத்தா 1400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 85 கிலோபாஸ்கல், கீழே 101. பவரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், எந்த கார்புரேட்டர் போட்டாலும் போகும். எஸ்யூவில் மிக்ஸ்ச்சர் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் ஜெட்டை ஒரு சுற்று மேலே திருகுங்கள், இறங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். மெலிந்த மிக்ஸ்ச்சரோடு சமவெளியில் ஓட்டினால் பிஸ்டன் உருகும். சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே வாருங்கள். முன் டிஸ்க் போட்டிருந்தாலும் பின்னால் இருப்பது இன்னும் டிரம்தான்.